சுருங்கிய மண்ணீரல்: கதிர் செய்ததா, அட்ரினல் செய்ததா?

முழு உடலிலும் எக்ஸ் கதிர் பட்ட சுண்டெலி ஒன்று. கதிரே படாமல் டெக்சாமெத்தசோன் என்ற செயற்கை ஸ்டீராய்டு ஊசி மட்டும் போட்ட சுண்டெலி இன்னொன்று. ஒரு நாள் கழித்து இரண்டின் மண்ணீரலையும் மெல்லிய சீவல்களாக வெட்டி நுண்ணோக்கியில் வைத்தால், எது எதனுடையது என்று சொல்வது கடினம். இரண்டிலும் வெண்கூழ்ப் பகுதி இளைத்திருக்கும். லிம்போசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் நெருக்கியடித்து நிற்க வேண்டிய இடங்கள் வெளிறியிருக்கும். உடைந்த செல்கருத் துணுக்குகளை விழுங்கிய மேக்ரோஃபேஜுகள் ஆங்காங்கே தெரியும்.

கதிர் பட்ட எலியின் உடலில் இரண்டு காரணங்கள் ஒரே சமயத்தில் வேலை செய்கின்றன என்பதுதான் சிக்கல். கதிர் லிம்போசைட்டின் டிஎன்ஏவை நேராக உடைக்கிறது. அதே கதிர் உடலுக்குத் தரும் நெருக்கடியில் அட்ரினல் சுரப்பியின் புறணி குளுக்கோகார்ட்டிகாய்டைச் சுரக்கிறது, அந்த ஹார்மோனும் லிம்போசைட்டைக் கொல்லும். மண்ணீரல் எடை பாதியாகக் குறைந்தது என்ற ஒற்றை எண்ணை வைத்து எது காரணம் என்று தீர்ப்பு எழுத முடியாது. இன்றைய ஆய்வுக் கட்டுரைகள் சிலவற்றிலும் இந்தத் தவறு நடக்கிறது என்பதால், இந்தக் கேள்வி எப்படி எழுந்தது, எப்படிப் பிரித்தறியப்பட்டது, இப்போது அதைச் சோதிப்பவர் எங்கெல்லாம் தடுக்கி விழுவார் என்று முழுமையாகப் பார்ப்பது அவசியம்.

இரண்டு கண்டுபிடிப்புகள், ஒரே உறுப்பு

1903இல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஹெர்மன் ஹைனெக்கே, எக்ஸ் கதிர் பட்ட சிறு விலங்குகளில் மண்ணீரலின் லிம்போசைட் திரள்கள் சில மணி நேரத்திலேயே சிதையத் தொடங்குவதைக் காட்டினார். தோலில் ஒரு மாற்றமும் தெரியாத நேரத்தில் உள்ளே மண்ணீரல் காலியாகிக்கொண்டிருந்தது. லிம்போசைட் கதிருக்கு மிக எளிதில் பலியாகும் செல் என்ற கருத்து அங்கிருந்துதான் நிலைபெற்றது.

1936இல் மான்ட்ரியலில் ஹான்ஸ் செல்யே வேறொரு பக்கத்திலிருந்து அதே உறுப்புக்கு வந்து சேர்ந்தார். குளிர், காயம், மிகையான உடலுழைப்பு, மருந்து நச்சு என எதைக் கொடுத்தாலும் எலிகளில் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் தைமஸ், மண்ணீரல், நிணநீர்க் கணுக்கள் சுருங்கின, அட்ரினல் பெருத்தது. காரணம் எதுவானாலும் விளைவு ஒன்று. 1944இல் யேல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் டவர்ட்டியும் ஆபிரகாம் ஒயிட்டும், அட்ரினல் புறணியைப் பிட்யூட்டரி ஹார்மோன் தூண்டும்போது லிம்போசைட்டுகள் அழிவதைக் காட்டி, செல்யே கண்ட சுருக்கத்துக்கு வழி சொன்னார்கள்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சந்தேகம் தானாக வரும். கதிரும் உடலுக்கு ஒரு நெருக்கடிதானே? ஹைனெக்கே பார்த்த அழிவில் எவ்வளவு கதிருடையது, எவ்வளவு அட்ரினலுடையது?

பிரித்துக் காட்டிய சோதனை

இதற்கு 1942இல் லெப்லானும் செகலும் வெளியிட்ட ஆய்வுதான் அடித்தளம். உடலின் ஒரு பகுதிக்கு மட்டும் கதிர் கொடுப்பது, மற்ற பகுதியை மறைப்பது, இதை அட்ரினல் உள்ள எலியிலும் அட்ரினலை எடுத்துவிட்ட எலியிலும் செய்வது என்பது அவர்கள் முறை. அட்ரினல் உள்ள எலிகளில் கதிர் படாத நிணநீர் உறுப்புகளும் சுருங்கின. அட்ரினல் இல்லாத எலிகளில் கதிர் விழுந்த இடத்தில் மட்டுமே சுருக்கம். கதிர் படாத இடத்துச் சுருக்கம் அட்ரினல் வழியாக வருவது, கதிர் பட்ட இடத்துச் சுருக்கம் அட்ரினல் இல்லாமலும் நடப்பது என்று இரண்டும் ஒரே சோதனையில் தெளிந்தன. கேள்வியைச் சரியாகக் கேட்டால் விடை எவ்வளவு சுத்தமாக வரும் என்பதற்கு இந்த வடிவமைப்பைவிட நல்ல சான்று இந்தத் துறையில் குறைவு.

1946இல் டவர்ட்டியும் ஒயிட்டும் அளவைக் கணக்கில் சேர்த்தார்கள். மிகச் சிறிய கதிரளவில் லிம்போசைட் மாற்றம் அட்ரினல் இருந்தால்தான் தெரிந்தது, பெரிய அளவில் அட்ரினல் இல்லாவிட்டாலும் அழிவு நடந்தது. அடுத்த ஆண்டு ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடத்தில் ஹார்வி பாட் குழு, முழு உடல் கதிருக்கு எலியின் அட்ரினல் உண்மையிலேயே வினையாற்றுவதைப் பதிவுசெய்தது. அப்போது ரத்தத்தில் ஹார்மோனை நேராக அளக்க வசதி கிடையாது. ஸ்டீராய்டு ஹார்மோனுக்கு மூலப்பொருள் கொலஸ்ட்ரால் என்பதால், அட்ரினலில் தேங்கியிருக்கும் கொலஸ்ட்ரால் எவ்வளவு குறைகிறது என்று பார்த்துச் சுரப்பைக் கணித்தார்கள். உயிருக்கு ஆபத்தான கதிரளவில் இந்த எழுச்சி இரண்டு முறை வரும். முதலாவது சில மணி நேரத்தில். இரண்டாவது மூன்றாம் நாளை ஒட்டி, குடல் புண்ணாகி நீரிழப்பும் தொற்றும் தொடங்கும்போது. இந்த இரண்டாவது எழுச்சியை மறந்துவிட்டு மூன்றாம் நாள் மண்ணீரலை எடுத்துப் பார்ப்பவர், கதிரின் நேரடி வேலையையும் நோயின் விளைவையும் ஒன்றாகக் கலந்து அளக்கிறார்.

மறைத்த மண்ணீரல் காப்பாற்றிய கதை

சிகாகோ பல்கலைக்கழகத்தில் லியோன் ஜேக்கப்சன் 1949 வாக்கில் செய்தது இதன் மறுபக்கம். சுண்டெலியின் மண்ணீரலை ரத்தக்குழாய்க் காம்பு அறுபடாமல் வயிற்றுக்கு வெளியே எடுத்து, அதை மட்டும் ஈயத்தால் மறைத்து, மீதி உடலுக்கு அக்காலக் கதிர் அலகில் 1,025 ராண்ட்ஜன், அதாவது இன்றைய அலகில் ஏறத்தாழ 10 கிரே கொடுத்தார். மறைக்காத எலிகள் ஏறக்குறைய எல்லாம் செத்தன. மண்ணீரல் மறைக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை பிழைத்தன.

மண்ணீரலிலிருந்து ஹார்மோன் போன்ற ஏதோ ஒரு பொருள் வெளிவந்து மற்ற உறுப்புகளைச் சீர்செய்கிறது என்றுதான் முதலில் விளக்கினார்கள். அட்ரினல் வழி மறைமுக விளைவு நிரூபணமாகியிருந்த காலம் என்பதால் அப்படி நினைத்தது இயல்புதான். ஆனால் 1950களின் நடுவில், பிரிட்டனின் ஹார்வெல்லில் குரோமோசோம் அடையாளம் வைத்துச் செய்த ஆய்வு உள்பட அடுத்தடுத்து வந்த சோதனைகள், வெளியே வந்தது பொருள் அல்ல, செல் என்று முடிவுகட்டின. 1961இல் டொரன்டோவின் டில்லும் மெக்குல்லாக்கும் எலும்பு மஜ்ஜைச் செல்களைக் கதிர் பட்ட எலிக்குள் செலுத்தி, மண்ணீரலில் அவை முடிச்சு முடிச்சாக வளர்வதை எண்ணிக் காட்டினார்கள். மறைத்த மண்ணீரலைச் சுருக்கியது ஹார்மோன். மறைத்த மண்ணீரல் உயிரைக் காத்தது செல்லால். இரண்டுமே மறைமுக விளைவுதான், ஆனால் வழிகள் வேறு. ஒன்றில் கிடைத்த விளக்கத்தை மற்றதற்கும் போட்டுவிடக் கூடாது.

செல்லுக்குள் இரண்டு பாதைகள்

லிம்போசைட் சாகும் விதம் இரண்டிலும் ஒன்றுதான். அப்போப்டோசிஸ் எனப்படும் திட்டமிட்ட செல் இறப்பு அது. டிஎன்ஏ சீரான துண்டுகளாக வெட்டுப்படுவதை ஆண்ட்ரூ வைலி 1980இல் குளுக்கோகார்ட்டிகாய்டு கொடுத்த தைமஸ் செல்களில் காட்டினார். அந்தத் துண்டுகளை நீளவாரியாகப் பிரித்தால் ஏணிப்படி போன்ற வடிவம் தெரியும், கதிர் பட்ட செல்லிலும் அதே வடிவம் கிடைக்கும். இறப்பின் கடைசிக் கட்டத்தைப் பார்த்துக் காரணத்தைச் சொல்ல முடியாமல் போவது இதனால்தான்.

தொடக்கம்தான் வேறுபடுகிறது. கதிர் டிஎன்ஏவை உடைக்கிறது, உடைப்பைக் கண்டு பி53 புரதம் செல்லைச் சாவுக்கு அனுப்புகிறது. எலியின் குளுக்கோகார்ட்டிகாய்டான கார்ட்டிகோஸ்டீரோன் தன் ஏற்பியோடு சேர்ந்து செல்கருவுக்குள் போய் பிம் போன்ற இறப்பு மரபணுக்களை இயக்குகிறது. 1993இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே இதை உறுதிசெய்தன. பி53 மரபணு நீக்கப்பட்ட எலியின் தைமஸ் செல்கள் கதிருக்குச் சாகவில்லை, குளுக்கோகார்ட்டிகாய்டுக்கு வழக்கம்போலச் செத்தன. அரை நூற்றாண்டுக்கு முன் கத்தியாலும் ஈயத்தாலும் பிரித்ததை இப்போது மரபணுவால் பிரித்தார்கள். இரண்டு பாதைகளும் பிசிஎல்-2 புரதக் குடும்பம் காவல் காக்கும் மைட்டோகாண்ட்ரியா வாசலில் ஒன்றுசேர்வதால், அந்தப் புரதத்தை மிகுதியாக்கினால் இரண்டு சாவும் தடைப்படும்.

எல்லாச் செல்லும் ஒரே மாதிரி பலியாவதில்லை. மண்ணீரலின் லிம்போசைட் வகைகளில் பி செல்கள் டி செல்களைவிட விரைவாகக் குறையும். நினைவு டி செல்களும் ஒழுங்காற்று டி செல்களும் புதிய டி செல்களைவிடத் தாங்கும். பிளாஸ்மா செல்களும் மேக்ரோஃபேஜுகளும் நிலைத்து நிற்கும். கதிர் பட்ட ஒரு வாரம் கழித்து ஒழுங்காற்று டி செல்லின் விகிதம் கூடிவிட்டது என்று கண்டால், அவை பெருகின என்று எழுதும் முன் மொத்த எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். மற்றவை செத்ததால் விகிதம் ஏறியிருப்பதே வழக்கம்.

அட்ரினலின் உட்பகுதியையும் மறக்கக் கூடாது. அங்கிருந்து வரும் அட்ரினலின் நிமிடக் கணக்கில் மண்ணீரலிலிருந்து செல்களை ரத்தத்துக்குத் தள்ளும். இதில் கொலை எதுவும் இல்லை, செல்கள் இடம் மாறுகின்றன, அவ்வளவுதான். கார்ட்டிகோஸ்டீரோனும் டி செல்களில் ஒரு பங்கை எலும்பு மஜ்ஜைக்கு அனுப்பி வைக்கும். ஆகவே மண்ணீரலில் காணாமல் போன செல்லெல்லாம் செத்த செல் அல்ல. மஜ்ஜையையும் ரத்தத்தையும் சேர்த்து எண்ணாத ஆய்வு பாதி ஆய்வு.

இன்று இதைச் செய்வது எப்படி, எங்கே பிசகும்

குறைந்தது ஆறு குழுக்கள் வேண்டும்: போலி அறுவை செய்தவை (அட்ரினலை எடுக்காமல் திறந்து மூடியவை), அட்ரினல் நீக்கியவை, அட்ரினல் நீக்கிக் கார்ட்டிகோஸ்டீரோனை ஈடாகக் கொடுத்தவை. இந்த மூன்றிலும் பாதிக்குக் கதிர், பாதிக்குப் போலிக் கதிர். கதிர் இல்லாமல் டெக்சாமெத்தசோன் மட்டும் கொடுத்த ஏழாவது குழு ஒன்றிருந்தால், ஹார்மோன் மட்டும் என்ன செய்யும் என்பதற்கு அளவுகோல் கிடைக்கும். கதிரளவும் ஒன்றே ஒன்றாக இருக்கக் கூடாது. 4 கிரே மட்டும் கொடுத்துப் பார்த்தால் நேரடி அழிவு எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும், அட்ரினலுக்குப் பங்கில்லை என்ற தவறான முடிவுக்கு வருவோம். 0.1, 0.5, 2, 4 கிரே என்று ஏணியாகக் கொடுத்தால்தான் அட்ரினலின் பங்கு எங்கே தெரிகிறது, எங்கே மறைகிறது என்று புலப்படும்.

அட்ரினல் நீக்கத்தில் இடது பக்கம் கவனம் தேவை. இடது அட்ரினல் மண்ணீரலுக்கு அருகில், சிறுநீரகத்தின் மேல்முனையில், கொழுப்புக்குள் இருக்கிறது. இடுக்கி மண்ணீரல் ரத்தக்குழாயில் பட்டால் அளக்க வேண்டிய உறுப்பையே காயப்படுத்திவிட்டோம். சுரப்பியை நசுக்கி எடுத்தால் துணுக்கு தங்கி மறுபடி வளரும், அதனால் சுற்றியுள்ள கொழுப்போடு முழுதாக எடுக்க வேண்டும். எலிகளில் துணை அட்ரினல் முடிச்சுகளும் இருக்கலாம். எனவே முடிவில் ஒவ்வொரு விலங்கையும் சிறிது நேரம் குழாயில் அடைத்து வைத்து ரத்தக் கார்ட்டிகோஸ்டீரோன் ஏறுகிறதா என்று சோதித்து, ஏறியவற்றை விலக்க வேண்டும். எந்த அளவுக்கு மேல் விலக்குவது என்பதைச் சோதனை தொடங்கும் முன்பே எழுதி வைக்க வேண்டும்.

அறுவைக்குப் பிறகு குடிக்க 0.9% உப்புநீர் கட்டாயம். அட்ரினல் சுரக்கும் ஆல்டோஸ்டீரோன் இல்லாத விலங்கு சோடியத்தை இழந்தே சாகும். பட்டினி போடவும் கூடாது, ரத்தச் சர்க்கரை விழும். கார்ட்டிகோஸ்டீரோனை எத்தனாலில் கரைத்து, மில்லிலிட்டருக்கு 25 மைக்ரோகிராம் கணக்கில் அந்த உப்புநீரிலேயே கலப்பது பரவலான முறை, எத்தனால் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, ஹார்மோன் பெறாத குழுக்களுக்கும் அதே எத்தனால் கலந்த நீர். இரவில் எலி அதிகம் குடிப்பதால் ஹார்மோனின் நாள்சுழற்சியும் ஓரளவு திரும்பக் கிடைக்கும். ஆனால் இந்த முறையில் ஒரு பள்ளம் இருக்கிறது. கதிர் பட்ட எலி தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடும். எந்தக் குழுவை ஒப்பிட வேண்டுமோ அந்தக் குழுவுக்கே ஹார்மோனும் உப்பும் குறைந்துபோகும். தினமும் புட்டியை எடை போட்டு எவ்வளவு குடித்தது என்று பதிய வேண்டும், அல்லது தோலடியில் வைக்கும் ஹார்மோன் வில்லைக்கு மாற வேண்டும். அறுவையே ஒரு பெரிய நெருக்கடி என்பதால் கதிர் கொடுக்கும் முன் ஒரு வாரமாவது ஆற விட வேண்டும்.

போலிக் கதிர் என்பது கூண்டில் சும்மா விட்டுவைப்பது அல்ல. கதிர் வாங்கும் எலி எத்தனை நிமிடம் பெட்டிக்குள் அடைபட்டதோ, அத்தனை நிமிடம் இதுவும் அதே பெட்டியில், அதே இரைச்சலில், கதிர் மட்டும் இல்லாமல் இருக்க வேண்டும். அடைபடுவதே கார்ட்டிகோஸ்டீரோனைப் பல மடங்கு ஏற்றும். இந்தக் குழு இல்லாத ஆய்வில் அட்ரினலின் பங்கு என்று சொல்லப்படுவது அந்தப் பெட்டியின் பங்காகவும் இருக்கலாம்.

ரத்தம் எடுப்பதற்கு நேரம்தான் எல்லாம். கூண்டைத் தொட்டதிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் எடுத்தால்தான் அடிப்படை அளவு கிடைக்கும். ஒரே கூண்டிலிருந்து ஐந்து எலிகளை ஒவ்வொன்றாக எடுத்தால், கடைசி எலிக்கு ஹார்மோன் ஏற்கனவே ஏறியிருக்கும். எலிக்குக் காலையில் அளவு தாழ்ந்தும் மாலையில் உயர்ந்தும் இருக்கும், மனிதருக்கு இது தலைகீழ். பாதிக் குழுவைக் காலையிலும் பாதியை மாலையிலும் எடுத்தால் அந்த எண்களை ஒப்பிட முடியாது. இன்னொன்று, எலி, சுண்டெலி அட்ரினலில் 17-ஹைட்ராக்ஸிலேஸ் நொதி இல்லாததால் அவற்றின் முதன்மை ஹார்மோன் கார்ட்டிகோஸ்டீரோன்தான், கார்ட்டிசால் அல்ல. கார்ட்டிசால் கிட் வாங்கிச் சுண்டெலி ரத்தத்தை அளந்து எண் வந்துவிட்டது என்று நிம்மதி அடைவது அடிக்கடி நடக்கும் தவறு.

ஈய மறைப்பில் கதிரின் ஆற்றலைப் பார்க்க வேண்டும். 250 கிலோவோல்ட் எக்ஸ் கதிருக்குச் சில மி.மீ. ஈயம் போதும். சீசியம்-137 காமா கதிருக்கு ஏறத்தாழ 6 மி.மீ. ஈயம் பாதியாகத்தான் குறைக்கும். எக்ஸ் கதிருக்குச் செய்த 3 மி.மீ. தகட்டை சீசியம் கருவியில் வைத்தால், மறைத்ததாக நினைக்கும் மண்ணீரலுக்கு மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் போய்ச் சேரும். மறைப்புக்கு அடியிலேயே ஒரு சிறு டோசிமீட்டர் (கதிரளவுமானி) வைத்து அளந்தால் இந்தக் குழப்பமும், உடலுக்குள் சிதறி வரும் கதிரின் கணக்கும் ஒன்றாகத் தீரும்.

மண்ணீரலை எடுத்ததும் முதல் வேலை எடை. வளர்ந்த சுண்டெலிக்கு 80 முதல் 100 மி.கி. இருக்கும், அதில் பத்துக் கோடிக்குச் சற்றுக் குறைய செல்கள். பிறகு இரண்டாக வெட்டி, ஒரு பாதியை ஃபார்மலினிலும் மறுபாதியைக் குளிர்ந்த கரைசலிலும் போட வேண்டும். குளிர்ந்த பாதியை 70 மைக்ரான் வலையில் சிரிஞ்சு உலக்கையால் மெல்லத் தேய்த்து இறக்கி, அம்மோனியம் குளோரைடு கரைசலால் ஒன்றிரண்டு நிமிடம் மட்டும் சிவப்பணுக்களை உடைத்துக் கழுவ வேண்டும். அதற்கு மேல் விட்டால் ஏற்கனவே நலிந்த லிம்போசைட்டும் போய்விடும், அதுவும் கதிர் பட்ட குழுவில் அதிகமாக. அந்தக் கரைசலில் உள்ள ஈடிடிஏவை நன்றாகக் கழுவாமல், சாகும் செல்லைக் காட்டும் அனெக்சின்-வி சாயத்துக்குப் போனால் சாவும் செல்கள் குறைவாகத் தெரியும். அனெக்சின் ஒட்டுவதற்குக் கால்சியம் வேண்டும், ஈடிடிஏ அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

சாயம் எல்லாம் சரியாக அமைந்தாலும் அனெக்சின் சதவீதத்தை மட்டும் நம்பக் கூடாது. சாகும் செல்லை மேக்ரோஃபேஜ் உடனுக்குடன் விழுங்குவதால், அரை மண்ணீரல் செத்த நாளிலும் சதவீதம் சிறிதாகவே இருக்கும். அழிவின் உச்சம் 4 முதல் 8 மணிக்குள் வரும், 24 மணிக்குள் குப்பை பெரும்பாலும் அகன்றுவிடும். எனவே முழு எண்ணிக்கையும், 30 நிமிடம், 6 மணி, 24 மணி என்ற நேரப் புள்ளிகளும் வேண்டும். அந்த முதல் 30 நிமிடப் புள்ளிதான் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். டிஎன்ஏ உடைந்த இடத்தில் தோன்றும் காமா-எச்2ஏஎக்ஸ் புள்ளிகள் கதிர் பட்ட செல்லில் அப்போதே தெரியும், ஹார்மோன் பட்ட செல்லில் தெரியாது. பல மணி கழித்துப் பார்த்தால் சாகும் செல் எல்லாவற்றிலும் செல்கரு முழுக்க அந்தச் சாயம் பரவிவிடும், வேறுபாடு அழிந்துவிடும்.

இரண்டாம் வாரத்தில் எடுக்கும் எடைக்கு வேறு பொருள். உயிர்க்கொல்லி அல்லாத கதிரளவுக்குப் பிறகு சுண்டெலியின் மண்ணீரல் செங்கூழில் ரத்த உற்பத்தி வேகமெடுத்து, உறுப்பு இயல்பைவிடப் பெருத்துக்கூடப் போகும். வெண்கூழ் அப்போதும் காலியாகவே இருக்கலாம். எடை மீண்டதால் எதிர்ப்புச் சக்தி மீண்டது என்று எழுதுவது தவறு.

மனிதருக்கு வரும்போது

சுண்டெலி, எலி, முயல் ஆகியவற்றின் லிம்போசைட்டுகள் ஸ்டீராய்டுக்கு எளிதில் சாகும். மனிதர், குரங்கு, கினிப்பன்றி ஆகியவற்றுடையவை பெரும்பாலும் தாங்கும். ஹென்றி கிளாமன் 1972இல் இந்தப் பிரிவினையைத் தெளிவாக எடுத்து வைத்தார். மனிதருக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் ரத்தத்தில் லிம்போசைட் குறைவது முக்கியமாக இடமாற்றத்தால். ஒரு வேளை ஹைட்ரோகார்ட்டிசோனுக்குப் பிறகு 4 முதல் 6 மணியில் அடிமட்டத்துக்குப் போய், ஒரு நாளில் திரும்பிவிடும். கதிரால் குறைந்தது அப்படித் திரும்பாது.

இது ஆய்வுக்கூடத்தோடு நிற்கும் சமாச்சாரம் அல்ல. கதிர் விபத்தில் சிக்கியவர் எவ்வளவு வாங்கினார் என்று முதல் இரண்டு நாளில் கணிக்க, மருத்துவமனையின் கையில் உடனே இருப்பது லிம்போசைட் எண்ணிக்கைதான். 48 மணிக்குள் மைக்ரோலிட்டருக்கு 1,000 முதல் 1,500 வரை இறங்கினால் சுமார் 1 முதல் 2 கிரே, 500 முதல் 1,000 என்றால் 2 முதல் 4, 100 முதல் 500 என்றால் 4 முதல் 8, 100க்கும் கீழே என்றால் அதற்கும் மேல் என்பது வழக்கிலுள்ள கணக்கு. 1958 டிசம்பர் 30இல் லாஸ் அலமோஸ் புளூட்டோனியம் கூடத்தில் மிகப் பெரிய கதிரளவு வாங்கிய தொழிலாளியின் ரத்தத்தில் ஆறு மணி நேரத்திலேயே லிம்போசைட் ஏறக்குறைய இல்லாமல் போனது. 35 மணி நேரத்தில் அவர் இறந்தார். அந்த அளவில் யாருக்கும் ஐயம் வராது.

ஐயம் வருவது 1 முதல் 3 கிரே வரையிலான எல்லையில். சிகிச்சையின் திசையும் அங்கேதான் தீர்மானமாகிறது. தீக்காயம், எலும்பு முறிவு, பயம் எல்லாமே கார்ட்டிசாலை ஏற்றும். வாந்திக்கு ஆண்டான்செட்ரானோடு டெக்சாமெத்தசோனும் சேர்த்துக் கொடுப்பது புற்றுநோய் வார்டுகளில் வழக்கம். அதே கையோடு விபத்து நோயாளிக்கும் கொடுத்துவிட்டால், அதன் விளைவு ஒன்றரை நாளுக்கும் மேல் நீடித்து லிம்போசைட் எண்ணிக்கையைத் தாழ்த்தும், நியூட்ரோஃபில் என்ற இன்னொரு வெள்ளணுவை உயர்த்தும். கதிரும் தொடக்கத்தில் நியூட்ரோஃபிலை உயர்த்துவதால் இரண்டுக்கும் உள்ள விகிதமும் ஏமாற்றும். 1 கிரே வாங்கியவர் காகிதத்தில் 3 கிரே வாங்கியவராகத் தெரிவார்.

ஆகவே வேறு கட்டாயம் இல்லாதவரை முதல் ரத்த மாதிரி எடுக்கும் முன் ஸ்டீராய்டு வேண்டாம். கொடுத்தே ஆக வேண்டுமானால் மருந்து, அளவு, கொடுத்த நேரம் மூன்றையும் ரத்த அறிக்கையின் அதே தாளில் எழுத வேண்டும், வேறொரு கேஸ் ஷீட்டில் அல்ல. ஆறு மணி நேரத்துக்கொரு முறை வெள்ளணு வகைப்பிரிப்போடு எண்ணிக்கை எடுத்து, ஒற்றை எண்ணை விட்டுவிட்டுச் சரிவைப் பார்க்க வேண்டும். சம்பவம் நடந்து 24 மணி ஆனதும் 10 மில்லி ரத்தம் ஹெப்பாரின் குழாயில் எடுத்து டைசென்ட்ரிக், அதாவது உடைந்து ஒட்டியதால் இரண்டு மையங்கள் கொண்ட, குரோமோசோம்களை எண்ணும் கூடத்துக்கு அனுப்ப வேண்டும். குரோமோசோமில் விழுந்த உடைப்பை கார்ட்டிசால் உண்டாக்காது, அழிக்கவும் செய்யாது. செல்களை இரண்டு நாள் வளர்த்த பிறகே எண்ண முடியும் என்பதால், குழாயை உறைய விடாமல், அறை வெப்பத்தில், அன்றே அனுப்ப வேண்டும்.